நிலுவை

ரிச்சி தெருவில் பையன் சொன்னான்:
"லினக்ஸ்தான் இருக்கும்க்கா, அதான் நாலாயிரம் கம்மி.
ஐந்நூறு குடுங்க, விண்டோஸ் போட்டுத் தரேன்.
எல்லாரும் அப்படித்தான்."
எல்லாருக்கும் கணக்கு எழுதுகிறவள் நான்.
ரசீதில்லாத ஐந்நூறு எங்கே போகும் என்று தெரியும்.
வேண்டாம் என்றேன்.

புளியந்தோப்பு, இரண்டாம் மாடி, இரவு ஒன்பதரை.
மூடியைத் திறந்ததும் மொழி கேட்டது.
கீழே, வெகு கீழே,
தெலுங்குக்கு முந்தின வீட்டில் தமிழ்.
அழுத்தினேன். நல்வரவு என்றது.
அடுத்த பக்கம் பாதி தமிழ், பாதி ஆங்கிலம்.
சரிதான், நாங்களும் அப்படித்தான் பேசுகிறோம்.
யாரோ சம்பளமில்லாமல் மொழிபெயர்த்திருப்பார்,
இந்த வரிக்கு வரும்போது
பால் பொங்கியிருக்கும்.

நேரத்துக்கு ஊர் கேட்டது.
வரைபடத்தில் சென்னையைத் தொட்டேன். கொல்கத்தா என்றது.
இன்னொரு தரம் தொட்டேன்.
கொல்கத்தா.

பெயர்: ஞா. ஹெப்சிபா. ஏற்றுக்கொண்டது.
பயனர் பெயருக்கு மட்டும் தமிழ் ஆகாதாம்.
ஆங்கிலச் சின்ன எழுத்து, இடைவெளி கூடாது,
ஞானப்பிரகாசத்தின் புள்ளியும் கூடாது.
ஆதாரில் முன்னால், பான் அட்டையில் பின்னால்
அப்பாவை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்;
இவ்வளவு சுலபமாய் யாரும் கழற்றியதில்லை.

கடவுச்சொல்.
அவசரத்தில் கடவுள் சொல் என்று வாசித்து
ஒரு நொடி வசனம் தேடினேன்.
பிறகு பழைய வீட்டுக் கதவு எண், கரண்ட் பில்லின் கடைசி நாலு.
புள்ளி புள்ளியாய் விழுந்தது. பலவீனம் என்றது சிவப்பில்.
ஓர் ஆச்சரியக்குறி சேர்த்தேன்.
பரவாயில்லை என்றது.

உத்தரவாதத்துக்குப் பதிவுப் படிவம்:
பயன்பாடு வீடா, தொழிலா?
கட்டிலில் உட்கார்ந்து பதினாலு கடைக்கு ஜிஎஸ்டி போடுகிறவளை
இரண்டிலும் டிக் போட விடவில்லை.
தயாரித்த மாதம் ஆகஸ்ட். இது ஜூலை.
பதினோரு மாதம் தெர்மாகோலுக்குள் தூங்கியிருக்கிறது.

அதனால்தான் இத்தனை நிலுவை:
412 தொகுப்புகள், ஒன்றேகால் ஜிபி.
என் போனில் மீதி எண்ணூறு எம்பி.
ஆகட்டும் என்று ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டேன்.

வரிவரியாய் ஓடியது. புரிந்தது சிலதுதான்.
எழுத்துரு. அச்சுப்பொறி.
ஏதோ ஓட்டை, அதற்கொரு ஒட்டு,
அந்த ஒட்டுக்கு இன்னொரு ஒட்டு.
எந்த நாட்டிலோ எவரோ தூங்காமல் உட்கார்ந்து
ஒரு காற்புள்ளியை நகர்த்தியிருக்கிறார்.

நீ பெட்டிக்குள் இருந்தபோது, கேள்,
டிசம்பரில் கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடினார்கள்.
அப்போது நாங்கள் தரைத்தளம்.
முதலில் கட்டில் கால், பிறகு கட்டில்.
பழைய லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்தேன்.
டிரம் மிதக்கும் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.
பதினாலு கடைக்காரர்களும் போன் செய்தார்கள், ரிட்டர்ன் என்ன ஆச்சு என்று.
சைக்கிள் கடை அபூபக்கர் மட்டும்
"உங்க வீட்ல தண்ணி வந்துச்சாம்மா?" என்று ஆரம்பித்தார்.
இந்த 412-இல் அது இல்லை,
கடைசிவரை பார்த்தேன்.

அறுபத்து நாலு சதவீதத்தில் டேட்டா தீர்ந்தது.
மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குத்தான் புதுசு.
சென்ட்ரலில் நடைமேடை கிடைக்காத ரயிலொன்று
பேசின் பிரிட்ஜில் நின்று கூவிக்கொண்டிருந்தது.
பாத்திரம் தேய்த்தேன். நகம் வெட்டினேன்.
இரவில் வெட்டக்கூடாது, தெரியும்.

பன்னிரண்டு. அறுபத்தைந்து.

கடைசியில் அணைந்தெழ அனுமதி கேட்டது.
திரை கறுத்து, கொஞ்ச நேரம் என் முகம்,
கொசு உட்கார்ந்த நெற்றி.
பிறகு என் பெயர், தமிழில், அப்பாவின் புள்ளியோடு.

தூங்கியிருக்கலாம்.
பென் டிரைவைச் செருகி முதல் கோப்பைத் திறந்தேன்:
அபூபக்கர் சைக்கிள்ஸ், ஜூன் மாதம்.
கெடு இருபதாம் தேதி.
பன்னிரண்டைத் தாண்டிவிட்டதால்
இன்றைக்கு.